சாவியை எடுத்த பிறகும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ரெலாவ் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், பானெட்டைத் திறந்துவைத்து நானே ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, வொர்க்‌ஷாப்புல குடுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும் லா! இடுப்பு புடிச்சிக்கிட்டா என்கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள். கழற்றிய பிளக்கை மூக்கருகே கொண்டுபோனேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமில்லைதான். கரியும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை ஏறியதும் பிளக்கைத் தள்ளிப் பிடித்தேன். இத்தனை வயதிலும் எனக்கு அந்த வாசனை என்றால் பயம். ஏன் என்று உங்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜெலுத்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா முன்பே போய்விட்டார். அண்ணன் குணா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தான். ஒரு காய்ச்சல், நான்கே நாள் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் அண்ணன் இல்லை. மிஞ்சியது நானும் அம்மாவும் அவனுடைய பழைய வெள்ளைக் காரும்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். வீடு வந்து சேர்ந்த பிறகும் எஞ்சினை அணைக்க மாட்டான். ரேடியோவில் பாட்டு முடிகிறவரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். அம்மா வெளியே வந்து பானெட்டில் கை வைத்து, "போதும்டா, எறங்கு. சோறு ஆறுது" என்பாள். அதற்குப் பிறகுதான் அணைப்பான். தினமும் நடக்கும் கூத்து இது. உள்ளே பசியோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

அவன் போன பிறகு அம்மா வாசலுக்கே வருவதில்லை. சரியாகச் சாப்பிடுவதுமில்லை. கார் இரண்டு மாதம் வாசல் கூரையடியில், போர்ச்சில் சும்மா நின்றது. நான் ஓட்ட எடுத்தபோது இருமியது. எனக்கோ எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பழைய பிளக் ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஜெலுத்தோங் சாலையில் இருந்த சீனர் உதிரிபாகக் கடைக்குப் போனேன். அதே நம்பர் இல்லை என்றார்கள். மரை சேர்ந்தால் போதும் என்று வேறு நம்பரில் நான்கு வாங்கிவந்தேன். வயர்கள் மாறிவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, புதியதைக் கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கினேன். கார் உடனே கிளம்பியது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்து, போர்ச்சில் நிறுத்தி, சாவியை எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது, கார் தன்பாட்டுக்கு உதறிக்கொண்டு ஓடுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பானெட்டில் கை வைத்து, "போதும்டா குணா. எறங்கு" என்றாள்.

எஞ்சின் நின்றது.

அன்றிலிருந்து தினமும் அதேதான். அம்மா சொன்னால் நிற்கும். ஒரு நாள்கூட அதற்கு முன்னால் நின்றதில்லை. அம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். ஆறரை மணிக்கு முகம் கழுவி, தலைவாரிக் காத்திருந்தாள். காலையில் நான் காரில் ஏறும்போது ஓட்டும் இருக்கை இளஞ்சூடாக இருப்பதுபோல் தோன்றும். வெயில்தான் என்று சொல்லிக்கொள்வேன். போர்ச்சுக்குள் ஏது வெயில்?

ஒரு சனிக்கிழமை அம்மா சுங்கை பாக்காப்பில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றும் வந்து சாவியை எடுத்தேன். கார் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. "போதும்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கலோடு அடங்கியது. நேராகக் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் சிரித்தார். "அடிக், பிளக் து பனாஸ் லா" என்றார் மலாயில். தம்பி, அந்த பிளக் சூடு என்று அர்த்தம். என் எஞ்சினுக்கு அந்த நம்பர் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகிறதாம். மின்சாரம் நின்ற பிறகும் நுனி கங்குபோல் கனன்று, உள்ளே வரும் பெட்ரோலைப் பற்றவைத்துக்கொண்டே இருக்குமாம். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும் என்று சொல்லி, சரியான நம்பரில் நான்கு எடுத்துக் கொடுத்தார்.

பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. அந்த நான்கையும் மூன்று வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். மாற்றினால் அம்மாவுக்கு அவன் இரண்டாம் முறை சாவான். மாற்றாவிட்டால் எஞ்சின் போய்விடும். எஞ்சினுக்காகத்தான் மாற்றினேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பொறாமை. உழைத்துக் களைத்து வருகிறவன் நான், அம்மா வாசலுக்கு வருவது அவனுக்காக. "நான் வந்திருக்கேம்மா" என்று ஒருநாள் சொன்னேன். "ம்" என்றாள், பானெட்டைப் பார்த்தபடியே.

ஒரு ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் மாற்றிவிட்டேன். மறுநாள் மாலை போர்ச்சில் நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. அம்மா நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

"எறங்கிட்டானா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "எறங்கிட்டாம்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. வீட்டுக் கதவோரம் போய் ஒதுங்கி, யாரோ உள்ளே போக வழிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, "கை கால கழுவிட்டு வா, சோறு போடறேன்" என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். நான் இன்னும் காருக்குள்தான் இருந்தேன்.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. அந்த மாலைக்குப் பிறகு அவள் பதினோரு வருடம் இருந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது ஒருநாள்கூட வாசலுக்கு வந்ததில்லை. அவள் காத்திருந்தவன்தான் வீட்டுக்குள் வந்துவிட்டானே.