பிடிபடாமல் பேசுவது

பத்மஜாவின் ஆங்கிலம் அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. வங்கி அதிகாரியாக இருந்த அவர் வீட்டிலும் கடிதம் எழுதுவது போலத்தான் பேசுவார். பிழை இருக்காது.

செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு வருடம் ஆவணங்களைத் திருத்தியவள், நாற்பத்தாறாவது வயதில் லண்டன் வாடிக்கையாளரிடம் வாரந்தோறும் பேசும் வேலையைக் கேட்டாள்.

மேலாளர் சாதனா தயங்கினாள். "பத்மஜா தீதி, நீங்க பேசினா அப்ளிகேஷன் படிக்கிற மாதிரி இருக்கு. மூணு மாசம் கழிச்சு லண்டனோட ஒரு கால் பேசத் தரேன். சரியா வந்தா வேலை உங்களுக்கு."

அன்றிலிருந்து தினமும் டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் மாறுவதற்குள் பத்மஜா ஒரு ஆங்கில மரபுத்தொடர் படிப்பாள். அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்ல வேண்டும். அது படித்துவைத்த தொடர் என்று கணவன் ராஜ்மோகனோ மகள் ஸ்னேகாவோ கண்டுபிடித்துவிட்டால் பாத்திரம் அவள் தலையில். பிடிபடாவிட்டால் அவர்கள் கழுவ வேண்டும்.

"இந்த ரசம் ரைட் அப் மை ஆலி," என்றாள் ஒரு நாள், எனக்கென்றே வைத்தது என்ற பொருளில்.

"தொரே ஃபெல்லாம்!" ஸ்னேகா வங்காளத்தில் கூவி மேசையைத் தட்டினாள். "பிடிச்சாச்சு! ரசத்துக்குப் போய் யாராவது அதைச் சொல்வாங்களாம்மா?"

"தான் வச்ச ரசத்தைத் தானே மெச்சிக்கறா. அதைக் கேளு," என்றான் ராஜ்மோகன்.

மூன்று மாதமும் பத்மஜாதான் கழுவினாள்.

அந்த நாள் வந்தது. மென்பொருளை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், சோதனை முடியவில்லை. பக்கத்தில் சாதனா. முன்னால் ஏழு தொடர்கள் எழுதிய சீட்டு. இரண்டு நிமிடத்தில் நான்கைச் சொல்லிவிட்டாள். மறுமுனையில் லண்டன் வாடிக்கையாளர் ஹார்லி குறுக்கிட்டார்.

"பத்மஜா, வெள்ளிக்கிழமை வருமா, வராதா?"

அவள் சீட்டைக் குப்புறத் திருப்பினாள்.

"வராது. திங்கள்கிழமை தருவோம். சோதனையை ஒரு வாரம் தாமதமாக ஆரம்பித்தோம். வீ ட்ராப்ட் த பால். மன்னிக்கணும்."

"சரி, திங்கள். அன்றைக்கும் நீங்களே கூப்பிடுங்கள்."

சாதனா மூச்சு விட்டாள். "மொதல்ல பயந்தே போயிட்டேன். அப்புறம் அந்த இடியமெல்லாம் விட்டுட்டு நல்லா பேசினீங்க. வேலை உங்களுக்குத்தான்."

பத்மஜா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பொறுப்பைக் கைநழுவ விட்டோம் என்று அவள் சொன்ன அந்தத் தொடர் அதில் இல்லை. முதல் மாதம் படித்தது. அதற்கும் பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

இரவு சாப்பிடும்போது நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். ஹார்லியிடம் சொன்ன 'வீ ட்ராப்ட் த பால்' உட்பட, சொன்னபடியே. ஸ்னேகா கையில் பிசைந்த சாதத்தோடு, "அப்புறம்?" என்றாள். ராஜ்மோகனும், "அவன் என்ன சொன்னான்?" என்றான்.

முழுக்கச் சொல்லி முடித்தபின் கை கழுவிவிட்டு பால்கனியில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, பாத்திரம்?"

"இன்னிக்கு உங்க முறை."