பூக்க விடாத சூரியகாந்தி

விதை போட்ட மூன்றாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்தவள் நான். அம்மா ஊன்றிவிட்டுப் போனது நான்கு விதைகள். முளைத்ததா, முளைத்ததா என்று நோண்டிப் பார்த்தே மூன்றைக் கெடுத்தேன். மிஞ்சியது ஒன்று. அதுவும் சுவரோரம் என் கண்ணில் படாமல் கிடந்ததால்தான் பிழைத்தது.

விதைகள் குடகிலிருந்து வந்தவை. எங்கள் மலையூரான புதூர்நாட்டில் சாமை அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆட்கள் காப்பித் தோட்ட வேலைக்கு அங்கே போவார்கள். முந்தைய வருடம் போன அம்மா, ஒரே செடி கிளைவிட்டுப் பத்துப் பதினைந்து பூ பூக்கிற சூரியகாந்தியைப் பார்த்து ஆசைப்பட்டு, விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். மறுபடி ஜீப் ஏறும்போது நான் காலைக் கட்டிக்கொண்டு அழுததால், வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார்.

"அழாத கண்ணு. அது பூக்கறதுக்குள்ள வந்துடறேன்."

ஏழு வயதில் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். பள்ளியில் இருப்புக் கொள்ளாது; மணி அடித்ததும் செடியிடம் ஓட்டம். அது என் இடுப்பைத் தாண்டியது, உச்சியில் மொட்டும் வைத்தது. அம்மா வரவில்லை. அவளிடம் போன் கிடையாது, ஆட்களைக் கூட்டிப்போன மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும். டவர் கிடைக்கிற பாறைவரை போய்வரும் அப்பா, "வேலை இன்னும் முடியலியாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருநாள் மொட்டின் நுனியில் மஞ்சள் தெரிந்தது. பூத்துவிட்டால் அவள் சொன்ன கெடு முடிந்துவிடும். அப்புறம் வரவே மாட்டாள். மொட்டைக் கிள்ளி எறிந்தேன்.

பக்கத்து வீட்டில் இருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு என்னை மெச்சினாள். அவரைக்கு நுனி கிள்ளிப் பழகிய கை அவளுடையது.

"இன்னாடி, கெட்டிக்காரியா கீறியே! இனிமே பாரு, கிளை கிளையா வெடிச்சு வரும்."

வந்தது. இலைக்கு ஒரு மொட்டு. காலையில் இரண்டு கிள்ளினால் சாயங்காலம் மூன்று நிற்கும். மேல்கிளைகள் என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. அங்கே நான்கு மொட்டுகள் உப்பிக்கொண்டிருந்தன. விறகுக்கட்டின்மேல் ஏறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் விடிந்ததும் ஓடிப் பார்த்தால் அந்த நான்கும் இல்லை. எந்தச் சாமி செய்த வேலையோ என்று அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

மாசிக் கடைசியில் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகுமுன் தோட்டத்தைப் பார்த்தாள். செடி ஆள் உயரத்துக்குக் கிளை பரப்பி நின்றது, ஒரு பூ இல்லாமல்.

"இன்னாங்க இது, இன்னும் பூக்கலியா?"

"ஆடு மேஞ்சுட்டுது" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜீப் சத்தம் கேட்டு வந்திருந்த அத்தைதான் எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருந்தவள்; அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வூட்டு ஆடு கட்டுலதான் கெடக்குது. இலைய வுட்டுட்டு மொட்ட மட்டும் துன்ற ஆட எங்கண்ணா பாத்த நீ?"

பழி ஆட்டின்மேல் போன சந்தோஷத்தில் நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அப்பா அவளிடமிருந்து பையை வாங்கினார். மொட்டுக் கிள்ளிக் கிள்ளி என் நகத்தில் ஏறியிருந்த பச்சைக் கறை, அவருடைய கட்டைவிரல் நகத்திலும் இருந்தது. பார்த்தேன், பார்த்ததோடு சரி. அம்மா வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.