ரேமுக்கு வைத்த பொட்டு

என் கம்ப்யூட்டர் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் நான் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். புதிது வாங்க வக்கில்லை. அதனால் யாரோ கழற்றிப் போட்ட கூடுதல் வேக ரேம் ஒன்றை மலிவாக வாங்கிவந்தேன்.

அன்று ஆயுத பூஜை. மிக்ஸி, ஸ்கூட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மனைவி, கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஒன்று வைத்தாள்.

“தகரத்துக்கு என்னடி பக்தி?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சமையலறைக்குப் போனதும் பழைய ரேமைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். பூஜையன்று எதையும் இயக்கக் கூடாது என்பது அவள் சட்டம். மறுநாள் காலை ஆன் செய்தால் திரை இருண்டு கிடக்க, பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது.

மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை வரை ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரிப்பேர் கடை பாய் ரேமை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இன்னா சார் இது? பொட்டுன்னா நெத்தில வெப்பாங்க. நீ பல்லுல வெச்சிகீறியே!”

ரேம் பட்டையின் விளிம்பில், இணைப்புக்கான தங்கப் பற்களில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். உடனே உயிர் வந்தது.

“நான் பொட்டு வெச்சதாலதான் பொழைச்சுது” என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

அவள் வைத்தது வெளியே மட்டும்தான். யாரோ கழற்றிப் போட்டதாயிற்றே என்ற பயத்தில், மாட்டும் முன் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டவன் நான்.