மலர் டீச்சர் மாற்றி எழுதிய முடிவு

வாழவந்தி மலைக்கிராமத்து அங்கன்வாடி மலர் டீச்சர் குழந்தைகளுக்காக ஆறு புத்தகங்கள் எழுதியவர். அங்கன்வாடிக்கு வந்த படப்புத்தகங்கள் எல்லாம் கடலும் ரயிலுமாகவே இருந்தன. "ஏனுங்க டீச்சர், நம்ம காடு இந்தப் புஸ்தகத்துல இல்லீங்களா?" என்று ஒரு வாண்டு கேட்டதில் எல்லாம் ஆரம்பித்தது. மிளகுக்கொடி, காப்பிப்பழம், பலாமரம் என்று எழுதித் தள்ளினார். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

நாலாவது புத்தகத்தில்தான் சறுக்கினார். காட்டுமாட்டைச் சந்திக்கும் ஒரு சிறுமியின் கதை அது. காட்டுமாடு எதிரே நின்றால் கத்தக்கூடாது, ஓடக்கூடாது, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். மலையில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலரும் முதலில் அப்படித்தான் எழுதினார். சென்னைப் பதிப்பாளரோ, "பிள்ளைங்க பயந்துக்கும் மேடம், ரெண்டும் சிநேகமாகிற மாதிரி முடிங்களேன்" என்றார். புத்தகம் வெளிவந்தால் போதும் என்ற ஆசை மலருக்கு. சிறுமி உரித்த ஆரஞ்சை நீட்டினாள், காட்டுமாடு நக்கித் தின்றது என்று மாற்றிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பரிசு வேறு. காட்டுமாட்டைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் கொடுத்த பரிசு!

போன டிசம்பர், காப்பிப்பழம் பறிக்கும் நாட்கள். மாலை நாலு மணிக்கு, எஸ்டேட்டில் பழம் பறிக்கும் கண்ணம்மாள் அங்கன்வாடிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், எங்க சக்தி இங்க வந்துச்சுங்களா? பள்ளிக்கூடம் உட்டு ஊட்டுக்கு வந்திருக்குது, இப்பக் காணமுங்க!"

கண்ணம்மாளின் மகள் சக்தி ஒன்றாம் வகுப்பு. மலரிடம் எழுத்துக்கூட்டப் பழகியவள். கண்ணம்மாளின் வீட்டுக்கு இருவரும் ஓடினார்கள். பாயில் அந்த நாலாவது புத்தகம் கடைசிப் பக்கம் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் ஆரஞ்சுத் தோல். மலருக்குப் புரிந்துவிட்டது. ஓடைப்பக்கம் இரண்டு நாளாக ஒற்றைக் காட்டுமாடு மேய்கிறது.

"ஓடைக்கு வா கண்ணம்மா" என்றாரே தவிர, ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கோழைத்தனம், வேறென்ன.

காப்பிச்செடிகளுக்கு நடுவே சக்தி நின்றிருந்தாள். நீட்டிய கையில் உரித்த ஆரஞ்சு. பத்தடி தள்ளி காட்டுமாடு, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணம்மாள் அலற வாயெடுத்தாள். மலர் சட்டென்று அந்த வாயைப் பொத்தினார்.

"கண்ணு, பழத்தைக் கீழ போடு. அப்படியே பின்னால பின்னால வா சாமி."

"திங்குமுங்க டீச்சர். புஸ்தகத்துல இருக்குதுங்க." சக்தி ஓரடி முன்னே வைத்தாள்.

மாடு சீறி மூச்சுவிட்டது. தலை தாழ்ந்தது. முன்னங்கால் மண்ணைக் கிளறியது.

"அது பொய்யி கண்ணு" என்றார் மலர். குரலை உயர்த்தவில்லை. "திங்காது, முட்டிப்புடும். டீச்சர் பொய் எழுதிட்டேன்."

நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. பிறகு பழம் கீழே விழுந்தது. சக்தி ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தாள். கைக்கு எட்டியதும் மலர் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். மாடு இவர்களையே பார்த்து நின்றது. பிறகு சரிவில் இறங்கிப் போனது.

வீட்டுக்குத் திரும்பியதும் கண்ணம்மாள் கேட்டாள். "என்ன பொய்யுங்க டீச்சர்?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மலர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கண்ணம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பதிப்பாளரிடம் சண்டை போட்டு, அடுத்த பதிப்பில் முடிவை மாற்றச் சம்மதிக்க வைத்தார் மலர். ஊருக்குள் இருந்த புத்தகங்களை வீடு வீடாகத் தேடிப்போய், தான் முதலில் எழுதிய முடிவைக் கையால் எழுதிக் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டினார். கண்ணம்மாள் வீட்டில் ஒட்டியதோடு நிற்காமல், சக்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தும் காட்டினார். அவள் கண்கொட்டாமல் கேட்டாள்.

"இது நெசமுங்களா டீச்சர்?"

"நெசந்தான் கண்ணு."

சக்தி அடுப்படியில் இருந்த கண்ணம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, நெசமா?"