எத்தனை பேரைச் சுட்டீங்க?

என் கணவருக்கு எங்கள் தெருவில் பெயர் கிடையாது. மிலிட்டரி என்றால் அவர்தான். எங்கள் வீடு மிலிட்டரி வீடு, நான் மிலிட்டரி டீச்சர். திண்டுக்கல்லில் அவரோடு புதிதாகப் பழகுகிற யாரும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" முடிவெட்டுகிறவர் கேட்டிருக்கிறார். தாடிக்கொம்பு பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த ஆள் வாளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுத்த இலைக்காரர்களும் வெறுஞ்சோற்றோடு பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவர் சிரிப்பார். கையில் டீ இருந்தால் டீயைக் குனிந்து பார்ப்பார். அந்தச் சிரிப்பிலிருந்து ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முப்பது பேர் என்று ஒரு பேச்சு என் காதுக்கே வந்தது.

உண்மை எனக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாளே சொல்லிவிட்டார். "நான் பட்டாளத்துல சமையக்காரன். தரகரு ஒங்க வீட்டுல அத மறைச்சிட்டாரு போல." எனக்கு அப்போது ரசம்கூட வைக்கத் தெரியாது. அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வெளியே நான் மூச்சு விடவில்லை. பள்ளியில் யாராவது கேட்டால், "எல்லையில இருந்தாரு" என்பேன். அது பொய்யில்லை. சொல்கிற தோரணையில் மட்டும் ஒரு துப்பாக்கி இருக்கும். அந்தக் கௌரவம் எனக்கு வேண்டியிருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் தமிழாசிரியை. பெண்கள் பள்ளியில் போர்ப் பாட்டு நடத்துவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மார்பில் புண்பட்டால் புகழ், முதுகில் பட்டால் இழிவு என்று நான் குரலை உயர்த்தினால், பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்துவார். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ வைத்தவர்கள் நாம். மாடு பிடிக்கப் போகையில் வெட்சி, கோட்டையைக் காக்கையில் நொச்சி, நேருக்கு நேர் மோதுகையில் தும்பை, வென்றால் வாகை. இவ்வளவு அழகாகச் சண்டை போட்ட ஜனம் உலகத்தில் உண்டா என்று மேசையைத் தட்டிக் கேட்பேன். யாரும் மறுத்ததில்லை. மறுக்க நான் விட்டதில்லை என்பதுதான் சரி.

போன வருடம் ஆண்டு விழாவுக்கு ஒரு போர் நாடகம் எழுதச் சொன்னார் தலைமையாசிரியை. அதோடு விட்டிருக்கலாம். என்னைக் கேட்காமலே அழைப்பிதழில் சிறப்பு விருந்தினராக என் கணவரையும் போட்டுவிட்டார். "போர்முனை கண்ட மாவீரர்" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துவிட்டுக் கேஸ் அடுப்பைத் துடைக்கப் போனார். மனசு சரியில்லை என்றால் அவர் அடுப்பைத் துடைப்பார்.

"நான் வரல."

"அச்சடிச்சாச்சுங்க."

"மைக்கக் கையில குடுத்து அதே கேள்வியத்தான் கேப்பாக. ஒண்ணு நான் பொய் சொல்லணும், இல்லாட்டி ஒன் மானம் போகணும். ரெண்டும் எனக்கு வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாகவே வந்தது.

பள்ளி மேடையில் மராமத்து வேலை நடந்ததால் ஒத்திகையை எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டோம். கதை எளிது. எதிரி கோட்டையைச் சூழ்ந்துகொள்கிறான். மூன்று மாதம் உள்ளேயிருந்து தாங்குகிறார்கள். பிறகு கதவைத் திறந்து பாய்ந்து வெல்கிறார்கள். கோட்டைக்காரர்கள் சூட எங்கள் வேலியிலிருந்தே நொச்சி ஒடித்துக் கொடுத்தேன். "இது சளிக்கு ஆவி புடிக்கிற எலைல்ல டீச்சர்?" என்றாள் அரசனாக நடித்தவள். சளியும் எதிரிதான், பேசாமல் சூடு என்றேன்.

பிள்ளைகளுக்குச் சுண்டல் கொண்டுவந்த என் கணவர் தட்டோடு நின்று பார்த்தார். அரசன் மூன்று மாத முற்றுகையைப் பற்றி முழங்கி முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"மூணு மாசமா என்னத்தத் தின்னாங்க?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டுப் பக்க நாடகத்தில் நான் ஒரு வாய் கஞ்சிகூட வைக்கவில்லை.

"இது இலக்கியங்க" என்றேன்.

"இலக்கியத்துல பசிக்காதா?"

அரசன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க சண்டையில என்ன சார் தின்னீங்க?" என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் சுண்டல் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.

பனிமலை உச்சியில் வெங்காயம் கல்லாகிவிடுமாம், சுத்தியலால்தான் உடைக்க வேண்டுமாம். பிசைந்த மாவு உறையாமலிருக்கக் கோட்டுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு திரிவாராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு குரலை மாற்றாமலே அவர் சொன்னது இது.

"ஒரு நா காலையில இருந்து குண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அதுக்காகப் பசி நிக்குமா? சப்பாத்திய டின்னுல போட்டுக்கிட்டுப் பதுங்குகுழி வழியாத் தவந்து போனேன். பன்னெண்டு பேரு, ஆளுக்கு ரெண்டு. திரும்பி வந்து பாத்தா டின்னுல ரெண்டு கெடக்கு. சூடு ஆறல. மூணு நாளு அத என்னால தூக்கிப் போட முடியல."

நான் கையில் வைத்திருந்த பதினெட்டுப் பக்கத்தில் ஆயிரம் பேர் செத்திருந்தார்கள். ஒருவனுக்காகவும் எனக்குக் கண் கலங்கியதில்லை. இரண்டு சப்பாத்தி என்னை அழவைத்துவிட்டது. அதைவிட, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் இதைக் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. உட்கார்ந்து நாடகத்தைத் திருப்பி எழுதினேன். கதாநாயகி இப்போது கோட்டையின் சமையல்காரி. அரசனுக்கு ஆறே வரி. அரசனாக நடித்தவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சமையல்காரியே நீதான் என்றதும் சரியாகிவிட்டாள். எழுதி முடித்து அவரிடம் போனேன்.

"நீங்க வாங்க. என் மானத்த நான் பாத்துக்கிறேன்."

"வாரேன். ஆனா பேச மாட்டேன்."

விழா அன்று முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிக் காட்சிக்கு முந்திய காட்சியில் சமையல்காரி கூடையைச் சுமந்து மதிலோரம் நடக்கிறாள். நின்றவர்கள் ஆளுக்கொரு களி உருண்டை எடுத்துக்கொள்கிறார்கள். மதிலின் கோடியில் ஓர் இடம் காலி. மிஞ்சிய உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நிற்கிறாள். வசனம் கிடையாது. அவர் எழுந்து நின்றுவிட்டார். நாடகம் முடிந்ததாக்கும் என்று கூட்டமும் எழுந்தது.

தலைமையாசிரியை மைக்கை நீட்ட, அவர் வேண்டாமென்று கையசைத்தார். அதற்குள் பெற்றோர் வரிசையிலிருந்து ஒரு குரல். "மிலிட்டரி! எத்தனை பேரச் சுட்டீங்க, அதச் சொல்லுங்க!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையாட்டினேன். மேடையேறி மைக்கை வாங்கினார்.

"ஒருத்தரயும் சுடலங்க. பதினேழு வருசம் சப்பாத்தி சுட்டேன். அது எத்தனைன்னு என்னால எண்ண முடியாது. அதத் தின்னவங்கதான் அங்க நின்னாங்க."

முதலில் கைதட்டியது திரைக்குப் பின்னாலிருந்த பிள்ளைகள். அப்புறம் கேள்வி கேட்ட ஆள். அப்புறம் கொட்டகையே அதிர்ந்தது. சமையல்காரி ஓடி வந்து தன் தலையிலிருந்த நொச்சிச் சரத்தை அவிழ்த்து அவர் கழுத்தில் போட்டாள். வெற்றிக் காட்சிக்கென்று தயாராக இருந்த வாகை பெட்டியிலேயே கிடந்தது, யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என் மனசு பொங்கியது. என் மானம் போகவில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்து டீக்கடையில் இருவரும் நின்றோம். தாடிக்கொம்பு பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"மிலிட்டரி! எத்தனை சுட்டீங்க?"

ஒரே ஒரு சொல்தான் குறைந்திருந்தது. என் கணவர் டீயைக் குனிந்து பார்க்கவில்லை. கிளாஸை உயர்த்திப் பிடித்து, நிலையம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கத்தினார்.

"லச்சம் இருக்கும்ப்பா! ஒண்ணுகூடத் தீயல!"