மாதையன் ஓட்டிய வண்டி வழுக்கவில்லை

மாதையன் மேல் தவறில்லை. தொப்பூர் மலைப்பாதையில் அந்தப் பெரிய கார் தடுமாறியதற்குக் காரணம் நான் செய்த வேலை. அது தெரிந்த பிறகும் தெரியாதவனைப் போல் நின்றவனும் நான்தான்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால்தானோ என்னவோ!

தருமபுரி பைபாஸ் ஓரத்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதுதான் நிம்மதி.

பாப்பாரப்பட்டிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவருக்கு மாதையன் டிரைவர். அவருடைய கார், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வெளிநாட்டு வண்டி. பின்பக்க இடது சக்கரத்தில் சத்தம் வந்தபோது பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். மாதையன்தான் தடுத்தான்.

"எதுக்குங்க அவ்ளோ தூரம்? நம்ம அண்ணன் இருக்காருங்க. அவரு பேசமாட்டாரு, அவரு வேல பேசும்."

அந்த வார்த்தையை நம்பித்தான் வண்டி என்னிடம் வந்தது.

சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் தேய்ந்து போயிருந்தது. புதியதை வரவழைத்தேன். எங்கள் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பழுதான ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொள்வோம். நட்டும் போல்ட்டும் உருண்டோடாமல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறையைப் பிரித்து, புதுப் பேரிங்கையும் அந்தக் காந்தத்தின் மேலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்!

இந்த வகைப் பேரிங்கின் ஒரு பக்கத்தில் கறுப்பாக மெல்லிய வளையம் இருக்கும். அதுவும் காந்தம்தான். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைச் சென்சார் அதை வைத்துத்தான் அறியும். வலுவான வேறொரு காந்தம் பட்டால் அந்த வளையம் கெட்டுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. மாட்டி அனுப்பினேன். சத்தம் நின்றிருந்தது.

சில நாளில் மாதையன் வந்தான்.

"அண்ணா, மீட்டர்ல மஞ்ச லைட்டு மின்னி மின்னி அணையுது. மேடு ஏறுறப்ப வழுக்குற மாதிரி இழுவையே இல்லாம போவுது. ஒரு தரம் பாத்துருங்க."

வேறொரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். அரைகுறையாகக் குனிந்து பார்த்து, "டயர் தேஞ்சிருக்குது" என்றேன்.

"தேஞ்சிருக்குதா? போன மாசந்தானண்ணா மாத்துனோம்!" என்று சிரித்தான்.

"அப்ப காத்துதான். சரி பண்ணி ஓட்டு."

அவனும் நம்பிப் போனான்.

அடுத்த வாரமே தொப்பூர். சேலத்திலிருந்து முதலாளி தன் மகளையும் பேரக் குழந்தையையும் அழைத்து வந்துகொண்டிருந்தார். ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தும்போது இழுவை திடீரென்று அறுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தும் பயனில்லை. பின்னால் இன்னொரு லாரி, ஹாரன் அலற அலற! நடுத்தடுப்பில் உரசித்தான் மாதையனால் நிறுத்த முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குழந்தையின் உதடு கிழிந்துவிட்டது.

கார் மறுபடி என்னிடம் வந்தது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பைபாஸில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். திரையில் மூன்று சக்கரங்களின் வேகம் ஒன்றாக ஓடியது. பின் இடது மட்டும் விழுந்து விழுந்து எழுந்தது.

வண்டி வழுக்கவே இல்லை! ஒரு சக்கரத்தின் கணக்கு தப்பாக வர, மற்ற மூன்றும் வழுக்கிச் சுழல்வதாக எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டரே இஞ்சினை அடக்கியிருக்கிறது.

சென்சாரை மாற்றிப் பார்த்தேன். குறை போகவில்லை. வயரைச் சோதித்தேன். பழுதில்லை. கடைசியில் பேரிங்கைக் கழற்றி, அந்த வளையத்தின் மேல் இரும்புத்தூளைத் தூவினேன். சீப்பின் பற்களைப் போல் சுற்றிலும் கோடுகள் விழ வேண்டும். ஒரு பக்கத்தில் கோடே இல்லை... தூள் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

தலையைத் தூக்கினேன். மேசையில் அந்தக் காந்தம்.

இன்னொரு பேரிங் வாங்கி, பெட்டியிலிருந்து நேராகச் சக்கரத்துக்கே கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்தேன். நான்கு எண்களும் ஒன்றாக ஓடின. சரிசெய்துவிட்டேன்... வண்டியை மட்டும்.

முதலாளி மாதையனையும் ஆலை ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வண்டில கோளாறா, இவங்கிட்ட கோளாறா? அத மட்டும் சொல்லுங்க. எம் பேரப்புள்ள வாயில தையல் போட்டுருக்குது."

"மொதலாளி, லைட்டு எரிஞ்சுதுங்க. அண்ணங்கிட்டகூட காட்டுனேங்க. கேளுங்க!" என்றான் மாதையன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூச்சத்தில் பேச்சு வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டுமா? இல்லை! அன்று எனக்குப் பேச்சு வந்தது. அதுதான் கொடுமை.

"வண்டில ஒண்ணும் இல்லீங்க."

அந்த நேரத்தில் அது உண்மைதானே... அப்போதுதானே சரிசெய்திருந்தேன்! இப்படி எத்தனை முறை எனக்கு நானே வக்கீலாக நின்றிருக்கிறேன்!

"கேட்டுக்கிட்டியாடா? சாவிய வெச்சுட்டு நட" என்றார் முதலாளி. மாதையன் சாவியை என் மேசை மேல் வைத்தான். என்னை ஒரு முறை பார்த்தான். கோபத்தோடு அல்ல, குழப்பத்தோடு.

புது டிரைவர் வந்தார். வண்டி குறையில்லாமல் மலை ஏறி இறங்கியது. "ஆள மாத்துனேன், வண்டி சரியாயிருச்சு பாத்தீங்களா?" என்று முதலாளி என்னிடமே சொன்னார். நான் பார்த்த வேலையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! நான் தலையாட்டினேன்.

மாதையன் இப்போது மாங்கூழ் ஆலையில் பெட்டி இறக்குகிறான். சென்ற மாதம் ஒருவர் தன் காருக்கு நல்ல டிரைவர் வேண்டுமென்றார். உடனே மாதையனை வரச் சொன்னேன். அப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று பார்த்தேனோ?

வந்தான். விஷயத்தைக் கேட்டான்.

"வேணாங்கண்ணா. ஸ்டேரிங்க புடிக்கவே தைரியம் வரல. அந்த மேட்டுல நாந்தான் பயத்துல கால எடுத்துட்டேனோ என்னமோ... வண்டில ஒண்ணுமில்லன்னு நீங்களே பாத்துட்டீங்க. உங்க கண்ணுக்குத் தப்புமா?"

தப்பவில்லை, மாதையா... என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டீ குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.