டெங்கில் சிறுத்தையும் கிராணி வீட்டுப் பிரட்டலும்

கோலாலம்பூரில், காட்டு விலங்குகளைக் கவனிக்கும் ஓர் ஆபீசில் நான் ஃபீல்ட் அசிஸ்டன்ட். சிறுத்தை எதைத் தின்றது என்று தெரிந்துகொள்ள அதன் விட்டையைக் கழுவி, சலித்து, உள்ளே கிடக்கும் மயிரை லென்ஸில் பார்க்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் பெண் பார்க்கப் போனபோது, "அரசாங்க உத்தியோகம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் டெங்கில் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஆடுகள் காணாமல் போயின. எல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் லெட்சுமி அக்காவின் ஆடுகள். கருஞ்சிறுத்தையின் வேலை, சுட பெர்மிட் வேண்டும் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி கடிதம் போட்டார். உண்மையா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள்.

"கடைசியா போனது கறுப்புக் கிடா, தம்பி. முதுகுல உள்ளங்கை அளவு வெள்ளை. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன்," என்றார் அக்கா.

மூன்று நாள் ரப்பர் காட்டில் அலைந்தேன். கிடைத்த விட்டையிலெல்லாம் காட்டுப்பன்றி மயிர். ஆட்டு மயிர் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளும் பகல் சாப்பாடு கிராணி வீட்டில்தான்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க, ஆபீசர்," என்று ஆட்டுப் பிரட்டலை அள்ளி வைத்தார். என்னை ஆபீசர் என்று அழைத்த முதல் மனிதர். நானும் கூச்சப்படவில்லை.

மூன்றாம் நாள் கை கழுவப் பின்பக்கம் போனேன். வேலியில் ஒரு கறுப்புத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் உள்ளங்கை அளவு வெள்ளை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று வளர்க்கப்பட்டவன் நான். ரிப்போர்ட்டில் பன்றி மயிரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். தோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆடு போன காரணம் "உறுதியாகவில்லை" என்று முடித்தேன்.

"உறுதி இல்லன்னா சிறுத்தைதான் லா. வேற யாரு திங்கிறது?" என்று எங்கள் பாஸ் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஒரே வாரத்தில் சுட்டுவிட்டார்கள். வயிற்றை அறுத்துப் பார்த்தவனும் நானே. உள்ளே பன்றிதான். கிராணி அதன்மேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் லெட்சுமி அக்கா பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நேத்து இன்னொரு ஆட்டைக் காணோம். செத்த சிறுத்தை எப்படி தம்பி வந்துச்சு?"

அப்போதுதான் சொன்னேன், வேலியில் கிடந்த தோலையும் நான் தின்ற பிரட்டலையும். அக்கா திட்டவில்லை. "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, லென்ஸ் ஆபீசில் கொடுப்பார்கள். சோற்றை மட்டும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.